தேங்காய் மாவு: விற்பதற்கு முன் சுட்டுப் பார்ப்போம்!



"அண்ணே, தேங்காய் மாவு இருக்கா?" என்று ஒரு தாய் கேட்கிறார். மாதச் சாமான் பட்டியலை நீட்டிய கையோடு கேட்கிறார். கடைப் பையன் நம் முகத்தைப் பார்க்கிறான். நாம் அலமாரியைப் பார்க்கிறோம். பேக்கரிக்காரர்கள் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் வாங்கிப் போகும் உலர்ந்த தேங்காய்த் தூள் பொட்டலம் ஒன்று கண்ணில் படுகிறது. "இதோ, இதுதான்" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து அதே தாய் வருகிறார். "பான்கேக் சுட்டேன். எல்லாம் எண்ணெயாக் கக்கி உதிர்ந்து போச்சு. மூணு முட்டை வீண்" என்கிறார்.

இது நம் கடையில் நடந்தது. சொல்வதற்கு வெட்கப்படவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த மூன்று முட்டையையும், ஒரு காலை வேளையையும், நம் சொல்லின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அன்று இரவு கடை மூடியபின் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்: நாம் விற்கும் சரக்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

விருத்தாசலம் தானிய ஊர். நெல்லும் உளுந்தும் எள்ளும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நம் ஊரில் இருக்கிறது. இட்லியும் தோசையும் பொங்கலும் இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் "தானியமே இல்லாத பலகாரம்" என்று ஒருவர் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். நாமும் முதலில் சிரித்தோம். பிறகு, கேட்பவர்கள் யார் என்று கவனித்தோம், சிரிப்பு நின்றது.

கேட்பவர்கள் யார்?

தேங்காய் மாவு கேட்டு வருபவர்கள் மூன்று வகையினர். மூவருக்கும் தேவை வேறு வேறு. இதைப் பிரித்து அறியாமல் ஒரே பொட்டலத்தை மூவருக்கும் நீட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

முதல் வகையினர், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள். சிலியாக் என்று ஒரு நோய் உண்டு. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இவர்களின் குடலைப் புண்ணாக்கும். வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் நம் பக்கம் இந்நோய் குறைவு. ஆனால் இருப்பவருக்கு ஆயுள் முழுதும் உண்டு. இவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய உண்மை எளியது: அரிசியிலோ கேழ்வரகிலோ கம்பிலோ தினையிலோ இயல்பாகக் குளூட்டன் கிடையாது. கோதுமை கலவாத இட்லியும் கேழ்வரகு அடையும் போதும். விலை கூடிய தேங்காய் மாவு கட்டாயம் இல்லை.

இரண்டாம் வகையினர், சர்க்கரை நோயாளிகள். அரிசியையும் கோதுமையையும் குறைத்துவிட்டு வேறு என்ன சாப்பிடலாம் என்று தேடுபவர்கள். மூன்றாம் வகையினர், பேலியோ போன்ற உணவு முறையைப் பின்பற்றுபவர்கள். பத்து ஆண்டுகளாகத் தமிழகத்தில் இம்முறை பரவி, தமிழில் நூல்களும் வந்துவிட்டன. இவர்கள் அரிசி, கோதுமை, சிறுதானியம் எதையும் தொடுவதில்லை. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது நாமெல்லாம் தினையும் சாமையும் வரகும் வாங்கி அடுக்கினோம். அந்தச் சரக்கை இவர்களிடம் நீட்டினால் வாங்க மாட்டார்கள். சிறுதானியமும் தானியம்தானே!

ஆக, "குளூட்டன் இல்லாதது" வேறு. "தானியம் இல்லாதது" வேறு. இந்த ஒரு வரி வித்தியாசத்தை நம் கடைப் பையன்கள் அறிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எது தேங்காய் மாவு?

தேங்காயைத் துருவி, அரைத்து, பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து நைசாகப் பொடித்தால் அதுவே தேங்காய் மாவு. ஆலைகளில் பச்சைத் தேங்காய்ப் பாலிலிருந்து எண்ணெய் எடுக்கும்போது இந்தச் சக்கை பெருமளவில் மிஞ்சுகிறது. அதில் எண்ணெயின் பெரும் பகுதி போய்விட்டது. நார் மிகுதி, புரதமும் உண்டு, மாவுச்சத்து மிகக் குறைவு.

பேக்கரிக்குப் போகும் உலர் தேங்காய்த் தூள் இதுவன்று. அது பால் பிழியாத முழுத் தேங்காயை உலர்த்திப் பொடித்தது. நூற்றுக்கு அறுபது பங்குக்கும் மேல் எண்ணெயே இருக்கும். அதைக் கொண்டு பான்கேக் சுட்டால் எண்ணெய் கக்காமல் வேறு என்ன செய்யும்? அந்தத் தாயின்மேல் குற்றமில்லை, தூளின்மேலும் குற்றமில்லை. பெயர் மாற்றிக் கொடுத்த நம்மேல்தான் குற்றம்.

பிறகு வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் சரக்கு எடுத்தோம். பொட்டலத்தின்மேல் "தேங்காய் மாவு" என்றுதான் அச்சாகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் அதே எண்ணெய்த் தூளை இன்னும் நைசாக அரைத்தது! எனவே அச்சை நம்பாமல் கையை நம்புங்கள். மூன்று சோதனைகள் சொல்கிறோம். மூன்றும் கடையிலேயே செய்யக்கூடியவை.

ஒரு சிட்டிகையைத் தாளில் வைத்து மடித்து அழுத்துங்கள். தாளில் எண்ணெய்க் கறை நன்றாகப் படர்ந்தால் அது முழு எண்ணெய்த் தூள். அடுத்து, ஒரு கரண்டி மாவில் மூன்று கரண்டி வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நல்ல தேங்காய் மாவு நீரைக் குடித்து உப்பி நிற்கும். மூன்றாவது, மலிவான மாவு எதையேனும் கலந்திருக்கிறார்களா என்ற சோதனை. சிறிது மாவை நீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மைதாவோ சோள மாவோ அரிசி மாவோ கலந்திருக்கிறது என்று பொருள். கொள்முதல் செய்யும்போதே ஒரு பொட்டலத்தைப் பிரித்து இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு வாடிக்கையாளரிடம் தலைகுனிய வேண்டியதில்லை.

நம் வீட்டு அடுப்பில்...

சரியான மாவு கிடைத்துவிட்டது. உடனே விற்க ஆரம்பித்தோமா? இல்லை. முதலில் வீட்டில் சுட்டுப் பார்த்தோம். இரண்டு முறை தோற்றோம்.

முதல் முறை கோதுமை மாவின் அளவையே பின்பற்றினோம். ஒரு கப் மாவுக்கு மூன்று முட்டையும் ஒரு கப் பாலும் ஊற்றிக் கலக்கினால், ஐந்தாவது நிமிடம் கரண்டியை நட்டு வைத்தால் நிற்கிறது! சுட்டது பான்கேக் அன்று, புட்டு. இரண்டாம் முறை நீரைக் கூட்டி, தோசை போல் பெரிதாக வார்த்து, தீயையும் கூட்டினோம். அடி கருகியது; நடு வேகவில்லை; திருப்பும்போது நான்காக உடைந்தது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பீங்கான் தொழிலையே பார்க்கலாம். நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணைக் கொண்டு பொம்மையும் மின்சார ப்யூஸ் கட்டையும் செய்யும் நம் செராமிக் பட்டறைகளில் அரைத்த குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரைக் குடிக்கிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். களிமண்ணுக்குப் பிடிப்பு உண்டு. கல்பொடிக்குப் பிடிப்பு இல்லை. இரண்டையும் அளவறிந்து சேர்த்தால்தான் உருவம் நிற்கும். பிறகு மெல்ல உலர்த்தி மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். பட்டறைத் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த மூன்று பாடமும் தேங்காய் மாவுக்கு அப்படியே பொருந்தும்.

ஒன்று, இம்மாவு அச்சைப் போல் நீரைக் குடிக்கும். எனவே கோதுமை மாவு ஒரு கப் போடும் இடத்தில் இது கால் கப் போதும். கரைத்தபின் பத்து நிமிடம் ஊற வேண்டும். இரண்டு, இதற்குக் கல்பொடியைப் போல் பிடிப்பு இல்லை. கோதுமையில் குளூட்டன் பிடிக்கும். அரிசியில் மாவுச்சத்து பிடிக்கும். இதில் இரண்டும் இல்லை. பிடிப்பு முழுவதும் முட்டையிலிருந்து வர வேண்டும். மூன்று, மெல்லிய தீயில் பொறுமையாக வேக வேண்டும்.

மூன்றாம் முறை நமக்குச் சரியாக வந்த அளவு இது:

தேங்காய் மாவு கால் கப் (சுமார் 30 கிராம்), முட்டை 3, தேங்காய்ப் பால் அல்லது பசும்பால் கால் கப், உருக்கிய நெய் ஒரு மேசைக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இனிப்பு வேண்டுவோர் ஒரு கரண்டி வெல்லப் பாகு சேர்க்கலாம். காரம் வேண்டுவோர் வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் சேர்க்கலாம்.

முட்டையை நுரைக்க அடித்து, பால், நெய், உப்பு சேர்க்க வேண்டும். மாவைச் சலித்துத் தூவிக் கட்டியில்லாமல் கலக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருக்கலாம். அதற்கும் மேல் இறுகினால் ஒரு கரண்டி பால் விடலாம். சுடப் போகும் நேரத்தில் சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். தோசைக்கல்லில் நெய் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் சிறு சிறு அடையாக ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். மேற்பரப்பின் பளபளப்பு போய் ஓரம் காய்ந்தபின்தான் திருப்ப வேண்டும். முன்னதாகக் கரண்டி போட்டால் உடையும். இந்த அளவில் ஆறு அடை வரும். இருவருக்குக் காலை உணவாகும்.

முட்டை சாப்பிடாதவர்கள் கேட்பார்கள். புரட்டாசியில் பாதி ஊரே கேட்கும். அவர்களிடம் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்: முட்டை இல்லாமல் இதே பக்குவம் வராது. ஆனால் வேறு வழி உண்டு. பாதித் தேங்காய் மாவு, பாதி மரவள்ளி மாவு எடுத்து, நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்த்தால் அடையாகத் தட்டிச் சுடலாம். மரவள்ளி கிழங்குதான், தானியம் அன்று. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து எளிதாகக் கிடைக்கும். ஆயின் அது முழுக்க மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிக்கு இதைச் சொல்லக் கூடாது.

நம் மண்ணுக்கு உரிய இன்னொரு வழியும் உண்டு. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரம் முந்திரிக் காடு. முந்திரிப் பயிர் ஆராய்ச்சி நடக்கும் வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே இருக்கிறது. முழுப் பருப்பு வெளியூர் போய்விடும். உடைசலும் குருணையும் நம்மிடம் தங்கும். அந்தக் குருணையைப் பொடித்து, முட்டை சேர்த்த மாவில் இரண்டு கரண்டி கலந்தால் அடை மிருதுவாக வருகிறது, ருசியும் கூடுகிறது. வெளிநாட்டுச் செய்முறையை நம் ஊர்ச் சரக்கு மேம்படுத்துகிறது!

நம் கல்லாவில் ஒளிந்திருக்கும் தானியம்

செய்முறை தெரிந்தால் மட்டும் போதாது. "இதில் தானியம் இல்லை" என்று நம் வாயால் சொல்லும்போது, அது மெய்யாக இருக்க வேண்டும். நாம் அறியாமலே தானியம் கலக்கும் இடங்கள் நான்கு.

கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். அரிசி மாவு சேர்த்த வகையும் உண்டு. பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். காரத் தேங்காய் அடையில் ஒரு சிட்டிகை போட்டால் கோதுமை உள்ளே போய்விட்டது. சிலியாக் நோயாளிக்கு அந்தச் சிட்டிகையும் கேடு.

பேக்கிங் பவுடர். அதில் பெரும்பாலும் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். அதனால்தான் மேலே ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் சொன்னோம்.

மாவு மில். தேங்காய்ச் சக்கையைக் கோதுமை அரைத்த கல்லில் அரைத்தால் கோதுமையும் சேர்ந்தே வரும். வீட்டு மிக்சியே நல்லது.

கடைசியாக, நம் அளவுக் கரண்டி. மைதா மூட்டையில் முக்கிய கரண்டியைத் தேங்காய் மாவு டப்பாவில் முக்குவது எத்தனை கடைகளில் நடக்கிறது? உதிரியாக விற்பவர்கள் தனிக் கரண்டி, தனி டப்பா, தனித் தட்டு வைக்க வேண்டும். முடியாதவர்கள் மூடி முத்திரையிட்ட பொட்டலம் மட்டும் விற்பது நல்லது. "குளூட்டன் இல்லை" என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சோதனை செய்யாமல் அந்தச் சொல்லை நம் பொட்டலத்தில் ஒட்டும் உரிமை நமக்கு இல்லை.

மளிகைக் கடை மருந்துக் கடை அன்று

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேங்காய் மாவு "சர்க்கரையைக் குணமாக்கும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய். பிலிப்பைன்ஸ் நாட்டு உணவு, சத்துணவு ஆராய்ச்சி நிறுவனத்தார், ரொட்டி முதலிய பண்டங்களில் தேங்காய் மாவின் அளவு கூடக் கூட அவை இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் குறைவதைக் கண்டார்கள். அதில் உள்ள நார்தான் காரணம். இது நல்ல செய்தி. ஆனால் மெதுவாக ஏற்றுவது வேறு; நோயைக் குணமாக்குவது வேறு. பான்கேக்கின்மேல் தேனையோ வெல்லப் பாகையோ தாராளமாக ஊற்றினால் மெதுவாக ஏற்றும் குணமும் போயிற்று.

நார் மிகுந்த பண்டத்தைப் பழகாத வயிறு முதல் நாளே நிறையத் தின்றால் உப்புசம் காணும். தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அரிசியையும் கோதுமையையும் ஒரேயடியாக நிறுத்தினால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரக்கூடும். "உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற சொல் நம் வாயிலிருந்து வர வேண்டும். அந்தச் சொல்லால் ஒரு பொட்டலம் விற்காமல் போனால் போகட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. கடை வாசலில் தொங்கும் அட்டையும் விளம்பரம்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வீசி எறியும் சக்கையில் ஒரு வியாபாரம்

"விருத்தாசலத்தில் எத்தனை பேர் இதை வாங்கப் போகிறார்கள்? இரண்டு வருடத்தில் மறைந்துபோகும் மோகத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று மூத்த வணிகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாமும் நூறு பொட்டலம் வாங்கி அடுக்கச் சொல்லவில்லை. முதலில் பத்து வாங்குங்கள். விற்றபின் அடுத்த பத்து. எண்ணெய் மீதம் உள்ள சரக்கு; நாளானால் காறல் வாடை அடிக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிடும் பொருள் இதுவன்று.

ஆனால் மோகம் மறைந்தாலும் மறையாத ஓர் உண்மை இதில் இருக்கிறது. 2025-இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தை நாம் மறக்கவில்லை. ஒரு தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களை நம் கடை வாசலிலேயே கண்டோம். அந்த விலையிலும் கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் வீட்டிலும் பால் பிழிந்த சக்கையைக் குப்பையில்தான் கொட்டினோம். அதே சக்கையை எங்கோ ஓர் ஊரில் உலர்த்திப் பொடித்துப் பையில் அடைத்து, மைதாவைப் போலப் பல மடங்கு விலைக்கு நமக்கே அனுப்புகிறார்கள். நாமும் வாங்கி அடுக்குகிறோம். இது என்ன கணக்கு?

வீட்டில் இதைச் செய்வது கடினம் அன்று. நல்ல முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைத்து, மூன்று முறை பால் பிழிய வேண்டும். சக்கையைத் துணியில் கட்டி இறுக்கிப் பிழிந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேலே வலைத் துணி போட்டுக் கடும் வெயிலில் அன்றன்றே உலர்த்த வேண்டும். மாசியிலிருந்து ஆவணி வரை நம் ஊர் வெயிலுக்குக் குறைவில்லை. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். ஈரச் சக்கை ஒரே நாளில் புளித்துப் பூசணம் பிடிக்கும். கையில் எடுத்தால் மொறுமொறுவென்று உதிரும்போது மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடித்துச் சலிக்க வேண்டும். ஒரு தேங்காய்க்கு ஓரிரண்டு கைப்பிடி தேறும். ஆலை மாவைவிட இதில் எண்ணெய் கூடுதல். எனவே காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பால் குழம்புக்கு, சக்கை மறுநாள் அடைக்கு. எதுவும் வீண் இல்லை.

இதை வாடிக்கையாளருக்குச் சொன்னால் பொட்டல வியாபாரம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். வீட்டில் செய்பவர் தேங்காயை நம்மிடம்தான் வாங்குவார். முட்டையும் நெய்யும் முந்திரிக் குருணையும் நம்மிடம்தான் வாங்குவார். நேரம் இல்லாதவர் பொட்டலம் வாங்குவார். இருவருக்கும் வழி சொன்ன கடை என்ற பெயர் நமக்கு மிஞ்சும்.

தேங்காய் மண்டி வைத்திருப்பவர்களும், நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தேங்காய் உடைக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் ஒரு படி மேலே சிந்திக்கலாம். முறையாக உலர்த்தும் கருவி, சுத்தமான அரவை, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, உரிய லேபிள் ஆகிய நான்கும் இருந்தால் இது ஒரு சிறு தொழில். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. காசர்கோட்டில் மலைத்தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொச்சியில் 1981 முதல் தென்னை வளர்ச்சி வாரியம் இருக்கிறது. பயிற்சியும் ஆலோசனையும் கேட்க இடம் இல்லாமல் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் கையில் இருக்கும் ஆயுதம்

பெரிய அங்காடிகளும் கைப்பேசி வழி விற்பனையும் நம் வியாபாரத்தைத் தின்கின்றன என்று ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தன்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் விலையில் அவர்களை வெல்ல நம்மால் ஆகாது. அவர்கள் அலமாரியில் ஆயிரம் பொட்டலம் இருக்கும். "இது வேண்டாம்மா, உங்க பையனுக்குக் கேழ்வரகே போதும்" என்று சொல்ல அந்த அலமாரிக்கு வாய் இல்லை. நமக்கு உண்டு. அந்த வாய் உண்மை பேசும்வரை சிறு கடைக்கு அழிவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஒரு பொட்டலம் தள்ளிவிட்டோமானால், அந்த அலமாரிக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

ஆகவே சங்கத்தின் முன் நமது யோசனைகளை வைக்கிறோம். ஏதேனும் ஒரு விடுமுறை நாளில் சங்கக் கட்டடத்தில் அடுப்பு மூட்டி, புதிதாக வரும் இத்தகைய சரக்குகளைச் சுட்டும் சமைத்தும் பார்ப்போம். நம் வீட்டுப் பெண்களையும் அழைப்போம். இதில் அவர்களே ஆசிரியர்கள். சரியாக வந்த அளவை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் அச்சடித்துப் பொட்டலத்தோடு கொடுப்போம். சோதனையில் தேறாத சரக்கை இன்னார் அனுப்பினார் என்று பாராமல் அனைவரும் திருப்பி அனுப்புவோம். ஒரு கடை திருப்பினால் மொத்த வியாபாரி சிரிப்பார். ஊரே திருப்பினால் திருந்துவார்.

அந்தத் தாய் மறுபடி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். மூன்றாம் முறை சரியாக வந்த அளவை ஒரு தாளில் எழுதி, சோதித்த மாவோடு கொடுத்தோம். காசு வேண்டாம் என்றோம். கேட்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் போனார். அடுத்த வாரம் பட்டியலோடு வந்தவர், "அண்ணே, உடையாம வந்துச்சு" என்றார்.

விற்பதற்கு முன் சுட்டுப் பார்ப்போம்! சுட்டுப் பார்த்ததைச் சொல்லி விற்போம்!